அடுத்த புயலுக்கு எந்த வரைபடம்?

2018 நவம்பரில் வந்த கஜா புயல் கரையேறி மூன்று வாரம் ஆகியிருந்தது. பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் பெரியவர் ஒருவரோடு நின்றுகொண்டிருந்தேன். தோப்பு என்று பழக்கத்தில் சொல்கிறேன்; அங்கே மரமே இல்லை. விழுந்தவற்றை அறுத்து, வேரைப் பிடுங்கி, ஓரமாக அடுக்கி, அடுத்த நடவுக்குக் குழிகூட எடுத்துவிட்டார். கடன் வாங்கி ஆள் வைத்துச் செய்த வேலை. பக்கத்துத் தோப்புக்காரர் கையில் காசில்லாமல் போட்டது போட்டபடி விட்டிருந்தார். கணக்கெடுக்க வந்தவர்கள் அவருடைய மரங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போனார்கள். சுறுசுறுப்பாகச் சுத்தம் செய்தவரிடம் "ஐயா, எத்தனை மரம் நின்றது?" என்று கேட்டபோது, அவர் கையை வீசி வெற்று நிலத்தைக் காட்டினார். அதைத்தான் அவரால் காட்ட முடிந்தது.

அன்று அறிவிக்கப்பட்டிருந்த அரசு நிவாரணம், விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். 175 எங்கிருந்து வந்தது என்று பலர் என்னிடம் கேட்டார்கள். 25 அடி இடைவெளி விட்டுச் சதுர முறையில் நட்டால் ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ அத்தனை மரம்தான் பிடிக்கும். 20 அடிக்கு ஒன்று நட்டவர் தோப்பில் இன்னும் தொண்ணூறு மரமாவது நின்றிருக்கும். நின்றபோது யாரும் எண்ணி வைக்கவில்லை.

வரைபட மென்பொருள்களை ஒப்பிடும் கட்டுரையை அந்தத் தோப்பிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. எங்கள் பகுதியில் 14 ஊர் விவசாயிகள் சேர்ந்த சிறு குழு ஒன்று, வடகிழக்குப் பருவமழைக்கு முன் பேரிடருக்கென்று ஒரு வரைபட ஏற்பாட்டைச் செய்துவிட வேண்டும் என்று தீர்மானித்தது. கையில் இரண்டு மடிக்கணினி, கணினிப் பழக்கம் உள்ள ஐந்து பேர், சொற்பப் பணம். கூட்டத்தில் ஆளுக்கொரு யோசனை வந்தது. கூகுள் வரைபடத்தில் புள்ளி வைத்தால் போதும் என்றார் ஒருவர். பெரிய அலுவலகங்களெல்லாம் ஆர்க்ஜிஐஎஸ் என்ற கட்டண மென்பொருளைத்தான் வைத்திருக்கின்றன என்றார் பொறியியல் படித்த தம்பி. அரசே புவன் என்ற வரைபடத் தளத்தில் எல்லாவற்றையும் போட்டிருக்கும்போது நமக்கெதற்கு வீண் வேலை என்றார் மூன்றாமவர். யாரும் வரைந்து சேர்க்கக்கூடிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப், கணினியில் ஓடும் இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ், களத்தில் படிவம் நிரப்பும் கோபோ மூன்றையும் சேர்த்து எடுக்கலாம் என்று நான் சொன்னேன். ஒரு பக்கம் முன்பே சாய்ந்தவன் எழுதுகிறேன் என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எதை வைத்து அளப்பது

புவியியல் தகவல் அமைப்பு, சுருக்கமாக ஜிஐஎஸ், என்றால் படமும் பட்டியலும் ஒட்டிக்கொண்ட ஒன்று. படத்தில் ஒரு புள்ளியைத் தொட்டால் அதன் பின்னால் ஒரு வரிசைத் தகவல் வரும்: யார் வீடு, எத்தனை பேர், என்ன சேதம், யார் போய்ப் பார்த்தது, எந்தத் தேதி. இதை ஆளுக்கொரு தாளில் எழுதி வைத்தால் பட்டியல். சுவரில் மாட்டினால் படம். இரண்டும் ஒன்றை ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டால் ஜிஐஎஸ்.

பேரிடரில் இதற்கு இரண்டு வேலை உண்டு. இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஒன்றல்ல. முதல் வேலை மீட்பு. 2005-இல் கத்ரீனா சூறாவளியில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது, கூரைமேல் ஏறி நின்றவர்கள் தொலைபேசியில் கதவு எண்ணையும் தெருப் பெயரையும் சொன்னார்கள். ஹெலிகாப்டர் ஓட்டுபவருக்கு அது என்ன பயன்? தெருப் பலகையெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தது. வரைபட வல்லுநர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு முகவரியையும் அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றிக் கொடுத்த பிறகுதான் மீட்புப் படைக்கு வழி புரிந்தது. முகவரி ஒழுங்காக உள்ள அமெரிக்க நகரத்திலேயே இந்தக் கதி. எங்கள் பகுதியில் ஒவ்வோர் ஊரிலும் ஒரு தெற்குத் தெரு இருக்கிறது. தோப்புக்குள் ஒற்றை வீடாக இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. "பம்புசெட்டைத் தாண்டி இடது பக்கம்" என்பதுதான் அவர்களுடைய முகவரி. புயலில் அந்தப் பம்புசெட் கொட்டகை பறந்துவிட்டால் முகவரியும் போய்விடும்.

இரண்டாவது வேலை மீட்சி. வீடு, மரம், படகு, ஆடு மாடு என்று போனதற்கெல்லாம் கணக்குக் காட்டி, உரியவருக்கு உரியது போய்ச் சேர்வதைப் பார்ப்பது. இது மூன்று நாளில் முடிவதில்லை; மூன்று மாதத்திலும் முடியாது. 2015 ஏப்ரல் 25-இல் நேபாளத்தை 7.8 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற உள்ளூர் அமைப்பு அதற்கு முன்பே நகரத்தின் கட்டடங்களை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் வரைந்து வைத்திருந்ததால், முதல் வாரத்திலேயே எங்கே என்ன தேவை என்று காட்டும் தளத்தை அவர்களால் நடத்த முடிந்தது. உலகம் பாராட்டியது அதைத்தான். என் கண்ணுக்குப் பெரிதாகப் படுவது அடுத்த ஆண்டு நடந்தது. கையில் டேப்லெட்டோடு ஆட்கள் வீடுவீடாகப் போய், 7 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களின் சேதத்தை இடக்குறிப்போடு பதிவு செய்தார்கள். அந்தப் பதிவில் பெயர் இருந்தவருக்குத்தான் 3 லட்சம் நேபாள ரூபாய் வீட்டு மானியம் தவணைகளில் கிடைத்தது. பெயர் விடுபட்டவர்கள் முறையீட்டு மனுவோடு நடந்தார்கள்.

ஆகவே, நான்கு யோசனைகளையும் நாங்கள் அளந்த கேள்வி இதுதான்: புயலுக்கு முந்தைய நிலையை இன்றே பதித்து வைத்து, மின்சாரமும் சிக்னலும் இல்லாத நாட்களில் அதில் சேதத்தைச் சேர்த்து, மூன்று மாதம் கழித்துப் புல எண்ணோடு அரசு மேசையில் வைக்க எது உதவும்? மற்ற வசதிகளெல்லாம் அதற்கு அப்புறம்.

கூகுள்

கூகுள் மை மேப்ஸின் பலம், அதை யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை என்பது. வாட்ஸாப்பில் இணைப்பை அனுப்பினால் கொத்தனார் முதல் கல்லூரி மாணவர் வரை திறந்து பார்ப்பார்கள், தொட்டால் வழிகாட்டும். வெளியூரிலிருந்து நிவாரணப் பொருள் ஏற்றி வரும் லாரி ஓட்டுநருக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை. ஒரு வரைபடத்தில் 10 அடுக்கு, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கும் தகவல் தொகுதி, வரை வைக்கலாம்; பட்டியலிலிருந்து ஏற்றினால் ஒரு தடவைக்கு 2,000 வரிசை. 14 ஊரின் நிவாரண மையங்கள், பள்ளிகள், குடிநீர்த் தொட்டிகள் என்று குறிக்க இது தாராளமாகப் போதும். போட்ட தகவலைக் கோப்பாக வெளியே எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

சிக்கல், சிக்னல் போனதும் தொடங்குகிறது. இதற்கென இருந்த ஆண்ட்ராய்டு செயலி 2021-இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. இணையம் இல்லாத தோப்பில் நின்று புதிய பதிவு சேர்க்க இது செய்யப்பட்டதல்ல. படிவம் கிடையாது. "சேதம் எவ்வளவு?" என்ற இடத்தில் ஒருவர் "முழுசா" என்று எழுதுவார், இன்னொருவர் "100%" என்பார், மூன்றாமவர் அழுகை முகம் போடுவார். பிறகு கூட்டிக் கழிக்க முடியாது.

2018-இல் நாங்களும் இப்படி ஒரு பகிர்ந்த வரைபடம் வைத்திருந்தோம். "இங்கே தண்ணீர் வேண்டும்" என்று புள்ளி வைக்க நூறு பேர் இருந்தார்கள். தண்ணீர் கொடுத்த பிறகு புள்ளியை எடுக்க ஒருவரும் இல்லை. ஒரே தெருவுக்கு மூன்று தண்ணீர் லாரி போனது. இரண்டு தெரு தள்ளி ஒன்றுகூடப் போகவில்லை. கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. பதிவை யார் மூடுவது என்று பேசி வைக்காதது எங்கள் பிழை. அதே ஆண்டு ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போதும் மீட்புக் கோரிக்கைகள் குவிந்த இடத்தில் இதே தலைவலிதான். ஒரே குடும்பத்துக்காக வளைகுடாவில் இருக்கும் மகனும், பெங்களூரில் இருக்கும் மகளும், பக்கத்து வீட்டுக்காரரும் தனித்தனியே பதிவு போட்டார்கள்.

கூகுளிடம் எடுத்துக்கொள்ள வேண்டிய வேறொரு பொருள் இருக்கிறது. கணினியில் நிறுவும் கூகுள் எர்த் புரோ 2015 முதல் இலவசம். அதில் உள்ள காலப்பட்டையைப் பின்னோக்கி இழுத்தால் ஒரே நிலத்தின் பழைய செயற்கைக்கோள் படங்கள் வரிசையாக வரும். தெளிவான படம் கிடைத்த ஆண்டில் தென்னை முடிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். நட்சத்திர மீன் போலத் தெரியும். அந்தப் பெரியவரின் தோப்பை நான் இப்படித்தான் பார்த்தேன், ஆனால் மிகவும் பிந்தி.

ஆர்க்ஜிஐஎஸ்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் தரத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. 1969-இல் கலிஃபோர்னியாவின் ரெட்லண்ட்ஸ் நகரில் தொடங்கிய எஸ்ரி நிறுவனத்தின் பொருள் இது. கொரோனா காலத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் நடத்திய, சிவப்பு வட்டங்கள் நிறைந்த கறுப்பு வரைபடத்தை நினைவிருக்கிறதா? அது இதில் செய்ததுதான். இணையம் இல்லாமல் களத்தில் நிரப்பும் படிவம், களப்பணியாளர் கைபேசியில் பார்க்கும் வரைபடம், மாவட்ட அலுவலகத் திரையில் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் பலகை என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். பேரிடர் நேரத்தில் கேட்டால் தற்காலிகமாக மென்பொருள் உதவி தரும் திட்டமும் அந்த நிறுவனத்திடம் உண்டு.

எங்களுக்கு ஒத்துவராத காரணம் பணம் மட்டும் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் காலம்தான். இது ஆளுக்கு இவ்வளவு என்று ஆண்டுச் சந்தா கட்டும் ஏற்பாடு. தற்காலிக உதவி முதல் சில வாரங்களுக்குப் பொருந்தும். தென்னை நிவாரணக் கோப்பு அடுத்த ஆண்டு வரை நகரும். சந்தா முடிந்தபின் தரவை இறக்கி வைத்திருந்தாலும், அதைச் சுற்றிக் கட்டிய படிவமும் பலகையும் நின்றுபோகும். மாவட்ட நிர்வாகம், மின்வாரியம், பெரிய தொண்டு நிறுவனம் போலச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் இடங்கள் இதை எடுத்தால் நான் தடுக்கமாட்டேன். ஓர் ஊரின் இளைஞர்களிடம் இதைத் திணிப்பது, சொந்தக் காணி இல்லாதவனுக்கு அறுவடை இயந்திரம் வாங்கிக் கொடுப்பது போல.

அரசு வைத்திருக்கும் வரைபடங்கள்

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2009-இல் தொடங்கிய புவன் தளத்தைப் பற்றி அறிந்தவர் குறைவு. ஐதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் அதை நடத்துகிறது. வெள்ளம் வந்தால் எந்தப் பகுதி நீரில் இருக்கிறது என்ற படத்தை அங்கே வெளியிடுகிறார்கள். பேரிடர் மேலாண்மைக்கான தேசியத் தரவுத்தளம் தனியே இருக்கிறது. அதற்குள் போக அதிகாரிகளுக்கு மட்டும் கடவுச்சொல். மாநில அரசும் தன் துறைகளின் அடுக்குகளைச் சேர்த்து ஒரு புவியியல் தகவல் தளத்தை நடத்துகிறது. "நமக்கெதற்கு வீண் வேலை" என்றவர் சொன்னதில் பாதி சரி. சாலை, ஏரி, கிராம எல்லை போன்றவற்றை நாம் புதிதாக வரைவது மடத்தனம்.

மீதிப் பாதிதான் பிரச்சினை. இந்தத் தளங்கள் பார்ப்பதற்கு. நாம் எழுதுவதற்கு அல்ல. நம் ஊர்ப் பெண்கள் குழு எண்ணிய மரக் கணக்கை அங்கே சேர்க்க வழி கிடையாது.

ஆனால் அரசிடம் இருக்கும் ஒரு வரைபடம் இல்லாமல் எதுவும் நடக்காது. அது செயற்கைக்கோள் படமல்ல, சங்கிலி போட்டு அளந்த புலப்படம். நிவாரணம் மனிதருக்குப் போகிறது என்று நாம் நினைக்கிறோம். கோப்பில் அது புல எண்ணுக்கும் உட்பிரிவுக்கும் போகிறது. பட்டா, சிட்டா, அடங்கல், அதன் பின் வங்கிக் கணக்கு. பட்டாவில் இன்னும் தாத்தா பெயர் இருக்கும். பேரன்கள் நால்வர் பிரித்துக்கொண்டு சாகுபடி செய்வார்கள். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்குப் பட்டாவே இருக்காது, மரம் மட்டும் இருக்கும். புயலுக்குப் பின் ஊர்ச்சாவடியில் நடந்த சண்டைகளில் பெரும்பகுதி காற்றைப் பற்றியது அல்ல, இதைப் பற்றியது.

புலப்படத்தை எடுத்துச் செயற்கைக்கோள் படத்தின்மேல் அப்படியே விரித்தால் பொருந்தாது; வாய்க்கால் ஒரு பக்கம் போகும், வரப்பு இன்னொரு பக்கம் நிற்கும். ஊருக்குள் அசையாத சில இடங்களை, கோயில் மூலை, மதகு, எல்லைக்கல் என்று பிடித்து, அவற்றை வைத்துப் படத்தை இழுத்துப் பொருத்த வேண்டும். இதைச் செய்ய ஒரு முழு ஜிஐஎஸ் மென்பொருள் தேவை. பார்க்க மட்டும் உதவும் தளங்கள் அனைத்தும் இந்த இடத்தில் கழன்றுகொள்கின்றன.

வானத்திலிருந்து பார்ப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கூட்டத்தில் கேள்வி வந்தது. பெரும் பேரிடர்களில் விண்வெளி நிறுவனங்கள் படங்களை இலவசமாகப் பகிரும் சர்வதேச உடன்படிக்கை ஒன்று 2000 முதல் நடப்பில் இருக்கிறது. இந்தியாவும் அதில் உறுப்பினர். அதை அழைக்கும் உரிமை அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளுக்கு மட்டுமே. நாமே இறக்கிக்கொள்ளக்கூடியவை ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்கள். சென்டினல்-1 ரேடார் அலை வீசுவதால் மேகத்தையும் இரவையும் பொருட்படுத்தாது. வயல்வெளியில் நின்ற வெள்ளத்தை நன்றாகக் காட்டும். ஆனால் ஒரே செயற்கைக்கோள் அதே பாதையில் மீண்டும் வர 12 நாள். அதற்குள் தண்ணீர் வடிந்தும் விடலாம். சென்டினல்-2 நிறப்படம் எடுக்கும். மேகம் இருந்தால் வெள்ளைத் துணிதான். அதன் ஒரு படப்புள்ளி 10 மீட்டர் சதுரம். 25 அடி இடைவெளித் தோப்பில் ஒரு புள்ளிக்குள் கிட்டத்தட்ட இரண்டு மரம் அடங்கிவிடும். எந்தத் தோப்பு பசுமை இழந்தது என்று அதில் தெரியும். எத்தனை மரம் என்று தெரியாது. சாட்சிக்குத் துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நாங்கள் எடுத்தது

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் 2004-இல் பிரிட்டனில் தொடங்கியது. யாரும் வரையலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம். 2010 ஜனவரி 12-இல் ஹைட்டியை நிலநடுக்கம் தாக்கியபோது தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் அதில் ஏறக்குறைய வெற்றுத் தாள். புதிய செயற்கைக்கோள் படங்கள் திறந்துவிடப்பட்டதும், நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் அவரவர் வீட்டிலிருந்தே சாலைகளையும் முகாம்களையும் வரைந்து, சில வாரங்களில் அந்நகரின் மிக விரிவான வரைபடத்தை உண்டாக்கினார்கள். மீட்புக் குழுக்கள் அதைக் கருவியில் ஏற்றிக்கொண்டு நடந்தன. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் இதே அடித்தளத்தின்மேல் பொதுமக்கள் தங்கள் தெருவைத் தொட்டு "இங்கே வெள்ளம்" என்று நிறம் ஏற்றும் வரைபடம் ஒன்று உருவானது. இரண்டையும் மெச்சுகிறேன். இரண்டுமே வெள்ளமும் நடுக்கமும் வந்த பிறகு பிறந்தவை என்பதையும் கவனிக்கிறேன்.

எங்களுக்கு இதிலிருந்து வேண்டியது அடிப்படைப் படம். தோப்புப் பாதை, சிறு வாய்க்கால், மதகு, கடைமடைப் பாலம் ஆகியவற்றை நாங்களே வரைந்து சேர்த்தோம். கூகுள் படத்தைப் பார்த்து இதில் வரைவது அவர்களுடைய உரிமத்துக்கு மாறானது. மைக்ரோசாஃப்டின் பிங் படத்தைப் பார்த்து வரைய 2010 முதல் அனுமதி இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தைப் புதிதாக வருபவருக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பத்து நாள் வேலையை அழிக்க நேரும். வரைந்த படத்தைக் கைபேசியில் முழுதாக இறக்கி வைத்துக்கொள்ள ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் உண்டு. ஜிபிஎஸ் வேலை செய்ய கைபேசி சிக்னல் தேவையில்லை என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. சிம் கார்டைக் கழற்றிவிட்டு நடந்து காட்டினோம்.

களத்தில் தகவல் சேர்க்கக் கோபோ டூல்பாக்ஸ். மனிதாபிமான அமைப்புகள் பரவலாகப் பயன்படுத்துவது. படிவத்தைத் தமிழிலேயே அமைக்கலாம். சேதத்தை விடையாகத் தட்டச்சு செய்ய விடாமல், நான்கு தேர்வுகளில் ஒன்றைத் தொடச் சொல்லலாம். இணையம் இல்லாவிட்டால் பதிவுகள் கைபேசியிலேயே காத்திருக்கும். சிக்னல் வந்ததும் போய்ச் சேரும். தோப்பின் எல்லையைச் சுற்றி நடந்து வந்தால் அதுவே பதிவாகும். மரம் மரமாகப் புள்ளி வைக்கலாமே என்று ஒரு மாணவர் கேட்டார். திறந்த வெளியிலேயே கைபேசி ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் வரை பிசகும். தென்னை ஓலைக்குக் கீழே இன்னும் அதிகம். மரங்களுக்கு இடையே ஏழரை மீட்டர்தான். எல்லையை நடந்து எடு, மரத்தை வாயால் எண்ணு, நான்கு மூலையிலும் நிழற்படம் எடு என்று முடிவானது.

இந்த இரண்டையும் புலப்படத்தோடு சேர்த்துக் கட்டும் இடம் கியூஜிஐஎஸ். 2002 முதல் வளர்ந்துவரும் இலவச மென்பொருள், பழைய மடிக்கணினியிலும் ஓடும், இணையம் தேவையில்லை. புலப்படத்தைப் பொருத்துவது, தோப்பு எல்லை எந்தப் புல எண்ணில் விழுகிறது என்று கண்டுபிடிப்பது, ஊர்வாரியாக அச்சுக்கு எடுப்பது எல்லாம் இதில் நடக்கும். சந்தா இல்லை, கோப்புகள் நம் கையில்.

இனி இதன் குறைகள், ஏனென்றால் இவை சிறியவை அல்ல. கியூஜிஐஎஸ் கற்றுக்கொள்ள எளிதானது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். எங்கள் ஐவரில் இருவர்தான் தேறினார்கள். அந்த இருவரும் திருமணம், வேலை என்று வெளியூர் போய்விட்டால் ஏற்பாடே படுத்துவிடும். மூன்று வெவ்வேறு பொருள்களை ஒட்டுவதால் ஒட்டுமிடத்தில் கசியும். ஒருமுறை அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிய பட்டியல் ஒன்று வந்தது. எங்கள் பக்கம் வடக்கு 10.4, கிழக்கு 79.3 என்று இருக்க வேண்டும். மாற்றிப் போட்டதில் பேராவூரணித் தோப்புகள் அனைத்தும் ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்டு தீவின் ஓரத்தில் போய் விழுந்தன. சிரித்துவிட்டுத் திருத்தினோம். சிரிக்க முடியாத பிழை, புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் மாறி அடுத்த ஊருக்குள் விழுவது. அது கண்ணுக்குத் தெரியாது. கேட்டால் பதில் சொல்ல ஒரு நிறுவனம் இல்லை என்பதும் உண்மை. ஆர்க்ஜிஐஎஸ் பரிந்துரைத்த தம்பி இதைத்தான் அழுத்தமாகச் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

அப்படியிருந்தும் இதை எடுத்ததற்கு ஒரே காரணம், பதிவின் ஆயுள். புயலுக்கு முன் எடுத்த கணக்கு, பின் எடுத்த கணக்கு, புல எண் மூன்றும் ஒரே கோப்பில், யாருடைய சந்தாவையும் நம்பாமல், அடுத்த ஆண்டும் திறக்கும் நிலையில் இருக்கும். மற்ற எதிலும் எங்கள் கையிருப்புக்கு அது கிடைக்கவில்லை. கூகுளை விட்டுவிடவில்லை, நிவாரண மையங்களின் இருப்பிடம் மட்டும் அதில், வெளியூர் ஓட்டுநர்களுக்காக. ஒவ்வொரு புள்ளியையும் மூடும் பொறுப்புக்கு இம்முறை ஓர் ஆளின் பெயர் எழுதியிருக்கிறோம்.

இரண்டு விஷயங்கள் கூட்டத்தில் கடைசியாக வந்தன, முதலில் வந்திருக்க வேண்டும். ஒன்று, தனியாக வசிக்கும் மூதாட்டிகள், படுக்கையில் இருப்பவர்கள், ஏழாம் மாதக் கர்ப்பிணிகள் என்ற பட்டியல். மீட்புக்கு இதைவிட முக்கியமான அடுக்கு இல்லை. பொது வரைபடத்தில் போடக்கூடாத அடுக்கும் இதுவே. தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டை உலகத்துக்கே அடையாளம் காட்டிவிட்டு அதைத் தொண்டு என்று சொல்ல முடியாது. அது கடவுச்சொல் போட்ட கோப்பிலும், ஊருக்கு ஒருவரிடம் இருக்கும் ஓர் அச்சுத் தாளிலும் மட்டும் இருக்கும்.

மற்றது காகிதம். கஜாவுக்குப் பின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த கடைகளில் காசு கொடுத்துக் கைபேசிக்கு உயிர் ஏற்றினோம். ஆகவே ஊருக்கு இரண்டு வீதம் பெரிய தாளில் அச்சிட்டு, லேமினேஷன் செய்து, ஒன்று பள்ளியிலும் ஒன்று ரேஷன் கடையிலும் வைப்பது என்று ஏற்பாடு. பேனாவால் குறித்து, துணியால் துடைக்கலாம். அச்சிட்ட தாளில் கையால் குறித்ததை நிழற்படம் எடுத்து மீண்டும் கணினிப் படத்தில் பொருத்தும் வசதி ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் உலகில் இருக்கிறது. எங்களுக்கு அது இன்னும் கைவரவில்லை. மூத்தவர்கள் மடிக்கணினியைத் திரும்பிப் பார்க்கவில்லை. தாளை விரித்ததும் சுற்றி உட்கார்ந்து, "இந்த வாய்க்கால் இப்படிப் போகாது தம்பி, பழைய மதகுப் பக்கம் திரும்பும்" என்று பதினொரு திருத்தம் சொன்னார்கள். ஒன்பது சரியாக இருந்தது.

செப்டம்பர் முடிவதற்குள் 14 ஊரிலும் எல்லை நடை முடிய வேண்டும். பன்னிரண்டில் முடிந்திருக்கிறது. ஓர் ஊரில் பாதித் தோப்புக்காரர்கள் சிங்கப்பூரில் இருப்பதால் வேலி தாண்டி உள்ளே போகக் கைபேசியில் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறோம். இன்னொன்று அந்தப் பெரியவரின் ஊர். அவர் மீண்டும் நட்ட கன்றுகள் இப்போது காய்க்கின்றன. போன வாரம் தானே எண்ணி, ஒரு நோட்டுத் தாளில் வரிசை வாரியாக எழுதிக் கொடுத்தனுப்பியிருக்கிறார்; நாங்கள் போய்ச் சரிபார்க்க வேண்டியதுதான் பாக்கி.